தள்ளிப் போகும் அந்த இரண்டு அம்புகள்

கேள்வி: ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), வலது கைப் பழக்கம். 30 மீட்டரில் ஆறு அம்பு விட்டால் நாலு நெருக்கமாக விழுகின்றன, இரண்டு தள்ளிப் போகின்றன. புது செட் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தள்ளிப் போவது எப்போதும் அதே இரண்டுதானா? அது தெரியாமல் வில்லில் எதையும் திருகாதீர்கள். அம்புகளுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எது எங்கே விழுந்தது என்று நோட்டில் குறியுங்கள். பத்துச் சுற்று போதும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் விலகினால் அம்பைக் குறை சொல்லிப் பயனில்லை; நாணை விடும் விரல்களைக் கவனியுங்கள்.

அதே எண்கள்தானா? சரி, முதலில் கார்பன் தண்டைக் காதருகே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். சடசடவென்று கேட்டால் விரிசல். அதை இனி எய்யவே கூடாது. அப்புறம் உள்ளங்கையில் முனையை ஊன்றிச் சுழற்றுங்கள். நடுங்கினால் முனை கோணலாக ஒட்டியிருக்கும், அல்லது தண்டே வளைந்திருக்கும். அடுத்தது நாக், அதாவது அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பிளவுள்ள துண்டு. அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, நாணை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். தொங்க வேண்டும், தட்டினால் விழ வேண்டும். ஆறும் ஒரே மாதிரி விழுகின்றனவா என்பதுதான் முக்கியம்.

எல்லாம் சரியாக இருந்தும் அடங்கவில்லை என்றால் அந்த அம்பின் நாக்-ஐ மூன்றில் ஒரு பங்கு சுற்று திருப்புங்கள். கார்பன் குழாய் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை. உதவாது என்று நான் ஓரம்கட்டிய அம்பு ஒன்று, இரண்டாவது திருப்பத்தில் மற்றவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது!

அம்புகள் நெருக்கமாக விழ ஆரம்பித்த பிறகுதான் வில்லில் கை வைக்க வேண்டும். 18 மீட்டரில் இறகுள்ள மூன்றும், இறகில்லாத இரண்டும் எய்யுங்கள். இறகில்லாதவை இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, பிளஞ்சரின் (வில்லில் அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சிறு குமிழ்) ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள்; வலப்பக்கம் என்றால் இறுக்குங்கள். (இடது கைக்காரர்களுக்கு இது தலைகீழ்.) கீழே விழுந்தால் நாணில் நாக் மாட்டும் இடத்தைச் சற்று இறக்குங்கள், மேலே என்றால் ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

ஸ்பிரிங்குக்கு அடங்காத அளவு விலகினால் ஸ்பைன், அதாவது அம்புத் தண்டின் விறைப்பு, வில்லுக்குப் பொருந்தவில்லை. ஸ்பைன் எண் கூடக் கூட அம்பு நெகிழும். 500-ஐவிட 600 அதிகம் வளையும். விறைத்த அம்புக்குக் கனமான முனை போட்டுப் பாருங்கள். நெகிழ்ந்த அம்பை வெட்டிக் குறைத்தால் விறைக்கும், ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள்.