இருசமபக்க முக்கோணத்தின் உயரம் தெரியாமல் பரப்பளவு காண்பது எப்படி?

காரைக்குடியில் ஓட்டு வீடு, பக்கச்சுவரின் உச்சியில் உள்ள முக்கோணத்துக்குப் பூச்சு வேலை. சரிவுகள் 10 அடி, அடிப்பக்கம் 16 அடி என்கிறீர்கள். சரி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். சரிவுகள் இரண்டும் சமம் என்பதால், நூல் அடிப்பக்கத்தைச் சரியாக நடுவில் தொடும். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது அது இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கர்ணம் 10, அடிப்பக்கம் 8. பிதாகரஸ் தேற்றப்படி 100 − 64 = 36; வர்க்கமூலம் 6. அதாவது உயரம் 6 அடி. பலர் 16-ஐப் பாதியாக்க மறந்துவிடுகிறார்கள். 100 − 256 என்று குறை எண் வந்தால் அந்தத் தவறுதான்.

பரப்பளவு ½ × 16 × 6 = 48 சதுர அடி. அப்புறம், சரிவை அளக்கும்போது சுவரை மட்டும் அளங்கள்; வெளியே நீட்டியிருக்கும் ஓட்டைச் சேர்க்க வேண்டாம்.