மெத்தனால் வினையூக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: நிக்கல், இரும்பு எல்லாம் இருக்கும்போது மெத்தனாலுக்கு ஏன் செம்பு, அண்ணா?

கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் கலந்த வாயுவிலிருந்துதான் மெத்தனால் தயாரிக்கிறோம். அந்த வினைக்கு நிக்கலும் இரும்பும் வேகமானவைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடில் உள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை அவை முறித்துவிடும். முறிந்துவிட்டால் நிக்கலில் மீத்தேன் வரும். இரும்பிலும் கோபால்ட்டிலும் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் வரும். மெத்தனாலில் ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பாவது மிஞ்சியாக வேண்டும். செம்பு அதை விட்டுவைத்து ஹைட்ரஜனைச் சேர்க்கும். பல்லேடியத்துக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு, விலைதான் இடம்கொடுக்காது.

கேள்வி: அப்படியானால் 1923இல் ஜெர்மன் வேதி நிறுவனமான பிஏஎஸ்எஃப் ஏன் துத்தநாகம்–குரோமியம் ஆக்சைடைப் பயன்படுத்தியது?

கந்தகம்தான் காரணம். அன்று நிலக்கரியிலிருந்து கிடைத்த வாயுவில் கந்தகம் ஏராளம். செம்பு அதைத் தாங்காது, துத்தநாகம்–குரோமியம் தாங்கும். ஆனால் அது வேலை செய்ய 300 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. வெப்பத்தை வெளிவிடும் வினை இது என்பதால் வெப்பநிலை ஏற ஏறச் சமநிலை பின்னோக்கிப் போகும். அதை ஈடுகட்ட 250 முதல் 350 பார் அழுத்தம் கொடுத்தார்கள். 1966இல் ஐசிஐ நிறுவனம் செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினாவைக் கொண்டுவந்தபோது 50 முதல் 100 பாரே போதுமானது. அந்த வெற்றியில் பாதி, வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கக் கற்றவர்களுக்குச் சேர வேண்டும் என்பேன்.

கேள்வி: மெத்தனாலில் உள்ள கார்பன் அணு எதிலிருந்து வருகிறது, கார்பன் மோனாக்சைடிலிருந்தா, டைஆக்சைடிலிருந்தா?

தொழிற்சாலைச் சூழலில், செம்பு–துத்தநாக வினையூக்கியில், பெரும்பாலும் டைஆக்சைடிலிருந்து. கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துச் செய்த சோதனைகள் இதைக் காட்டின. மோனாக்சைடு சும்மா இருப்பதில்லை. உண்டாகும் நீரோடு வினைபுரிந்து, டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் திரும்பத் தருகிறது.

கேள்வி: ஆய்வகத்தில் நானே தயாரித்த வினையூக்கி ஒரே வாரத்தில் சோர்ந்துவிட்டது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராயும் சோதனையில்) செம்பின் முகடுகள் கூர்மையாகிவிட்டன. என்ன ஆயிற்று?

முகடு கூர்மையானால் செம்பு மணிகள் பெருத்துவிட்டன என்று பொருள். சில நானோமீட்டர் அளவில் சிதறி இருக்க வேண்டியவை ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிட்டன, பரப்பு போய்விட்டது. செம்பு வினையூக்கியில் கடினமான வேலையே இதுதான்: மணிகளைச் சிறிதாகவே காப்பாற்றுவது. துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் இடையில் நின்று அவற்றைப் பிரித்துவைக்கின்றன. துத்தநாகத்துக்கு வினையிலும் பங்கு உண்டு. அதன் நுணுக்கம் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது.

முதலில் ஒடுக்கும் கட்டத்தைப் பாருங்கள், அதாவது ஹைட்ரஜனால் ஆக்சிஜனை நீக்கும் கட்டத்தை. கறுப்புக் காப்பர் ஆக்சைடு செம்பாகும்போது நிறைய வெப்பம் வெளிவரும். எடுத்த எடுப்பில் தூய ஹைட்ரஜனை விட்டால், வெளிச்சுவர் வெப்பமானி 230 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே வினையூக்கிப் படுகையின் நடுவில் வெப்பம் எகிறிவிடும். வெப்பமானியைப் படுகைக்குள்ளேயே வையுங்கள். நைட்ரஜனில் ஓரிரு விழுக்காடு ஹைட்ரஜனோடு தொடங்கி, மெதுவாக ஏற்றுங்கள். உள்ளே போகும் ஹைட்ரஜனும் வெளியே வருவதும் சமமானால் ஒடுக்கம் முடிந்தது.

அப்புறம், எந்த உப்புகளில் தொடங்கினீர்கள்? குளோரைடு வேண்டவே வேண்டாம், நைட்ரேட் எடுங்கள். குளோரின் சிறிதளவு மிஞ்சினாலும் மணிகள் வேகமாக ஒட்டும். சோடியம் கார்பனேட்டால் வீழ்படிவாக்கினால், சோடியம் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள்.

கேள்வி: டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மட்டும் கொடுத்தால் இதே வினையூக்கி போதுமா?

ஓடும். 2012இல் ஐஸ்லாந்தில் திறந்த ஜார்ஜ் ஓலா ஆலை, புவிவெப்ப நிலையத்தின் டைஆக்சைடிலிருந்துதான் மெத்தனால் தயாரித்தது. ஆனால் ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறுக்கும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து வரும். அந்த நீராவி வினையைத் தடுக்கும், மணிகளையும் பெருக்க வைக்கும். அதனால்தான் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) மேல் இண்டியம் ஆக்சைடு போன்றவற்றை ஆராய்கிறார்கள். என்னைக் கேட்டால், செம்பை நீராவி தாங்கும்படி செய்வதில்தான் உழைப்பைப் போடுவேன்.

கேள்வி: பயன்படுத்திய வினையூக்கியை ரியாக்டரிலிருந்து எடுத்ததும் சூடாகிறதே?

நுண்ணிய செம்பு காற்றில் தானே எரியக்கூடியது, கவனம். குளிர்ந்த பிறகு நைட்ரஜனில் மிகக் குறைந்த ஆக்சிஜன் கலந்து விட்டு, வெப்பநிலை ஏறவில்லை என்று உறுதியான பின்பே திறங்கள்.