கன்னம் நிரப்ப ஊசியா, அறுவையா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஓர் ஆண்டில் 18 கிலோ எடை குறைத்தேன். கன்னம் ஒட்டி, நோயாளி போலத் தெரிகிறேன். ஒரு கிளினிக்கில் ஃபில்லர் ஊசி (தோலுக்கடியில் செலுத்தி இடத்தை நிரப்பும் பொருள்) போதும் என்கிறார்கள். இன்னொரு மருத்துவமனையில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் நிரப்பினால் நிலைத்து நிற்கும் என்கிறார்கள். எதற்குப் பணம் கொடுப்பது? (44 வயதுப் பெண், நெல்லிக்குப்பம்)

பதில்: உங்கள் எடை சில மாதங்களாக ஒரே அளவில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். வயிற்றிலிருந்து கன்னத்துக்குப் போன கொழுப்பு அங்கேயும் கொழுப்பாகவே இருக்கும். நீங்கள் பருத்தால் அதுவும் பருக்கும், இளைத்தால் அதுவும் இளைக்கும்.

இரண்டு இடத்திலும் எத்தனை நாள் நிற்கும் என்றே பேசியிருக்கிறார்கள். பிடிக்காமல் போனால் எப்படித் திரும்ப எடுப்பது என்பதை நான் முதலில் கேட்பேன். ஹையலுரானிக் அமில ஃபில்லர் பொதுவாக 6 முதல் 18 மாதம் நிற்கும். கோணலாகிவிட்டால் ஹையலுரானிடேஸ் என்ற மருந்தைச் செலுத்திக் கரைத்துவிடலாம். பாலி லாக்டிக் அமில ஊசியோ தோலுக்கடியில் கொலாஜன் என்ற புரதம் வளரத் தூண்டி, மாதக்கணக்கில் மெல்ல நிரப்பி, ஏறத்தாழ இரண்டு ஆண்டு நிற்கும்; ஆனால் அதைக் கரைக்க மருந்து கிடையாது. கொழுப்பு நிரப்புதலில், செலுத்தியதில் ஒரு பகுதி கரைந்துபோகும். 30 முதல் 70 சதவீதம் வரை தங்கலாம், யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், இரண்டாவது முறையும் தேவைப்படலாம். கன்னத்திலோ தாடையிலோ வைக்கும் சிலிக்கோன் இம்ப்ளான்ட் நிலையானதுதான், ஆனால் சீழ் பிடித்தாலோ இடம் நகர்ந்தாலோ மறுபடியும் அறுவைதான்.

என் பரிந்துரை இது: முதல் தடவை கரைக்கக்கூடிய ஃபில்லரைக் குறைந்த அளவில், தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போட்டுக்கொண்டு, அந்த முகம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஓர் ஆண்டு பார்த்துவிட்டு, எடையும் நிலையாக இருந்தால் கொழுப்பு நிரப்புதலைப் பற்றி யோசியுங்கள். ஃபில்லருக்கு சிரிஞ்ச் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மில்லிதான் இருக்கும், இரு கன்னத்துக்கும் அது போதாமல் போகலாம் என்பதால், மொத்தம் எத்தனை சிரிஞ்ச் என்று எழுதி வாங்கி, ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட்டு, அறுவையின் செலவோடு ஒப்பிடுங்கள். ஊசிதானே என்று அலட்சியம் வேண்டாம். ஃபில்லரோ கொழுப்போ இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், அரிதாகத்தான் என்றாலும், தோல் அழுகலாம், பார்வையே போகலாம். கடும் வலி, தோல் வெளுத்தல், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே சிகிச்சை வேண்டும். ஹையலுரானிடேஸ் இங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெரு அழகு நிலையத்தில், அழுத்தத்தால் தோலுக்குள் தள்ளும், ஊசியே இல்லாத பேனாவால் ஃபில்லர் போடுகிறார்கள். விலையும் குறைவு. போகலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: போகாதீர்கள். அந்தப் பேனாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரிலேயே எச்சரித்துவிட்டது.

கேள்வி: மகள் திருமணத்துக்கு 20 நாள் இருக்கிறது. கொழுப்பு நிரப்ப முன்பணம் கட்டிவிட்டேன். வீக்கம் அதற்குள் வடியுமா? (பண்ருட்டி)

பதில்: பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் ஊரில் இருந்துகொண்டு, முகத்துக்கு மட்டும் பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்கிறீர்களே, அம்மா! வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இன்றே எழுத்து மூலம் தேதியைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: கன்னத்தை உப்ப வைக்கும் கிரீம் வேலை செய்யுமா? (லாஸ்பேட்டை)

பதில்: செய்யாது. நான் மூன்று டப்பா வாங்கித் தீர்த்தேன். தோலின் மேற்பரப்பு ஈரமானது. அடியில் குறைந்த கொழுப்பு குறைந்தபடியே இருந்தது.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் ரூ. 85,000 கட்டி ஃபில்லர் போட்டேன். வலது கன்னத்தில் கட்டி போல நிற்கிறது. எதைச் செலுத்தினார்கள் என்று சொல்ல மறுக்கிறார்கள். பில் தரவில்லை. பணம் திரும்பக் கிடையாது என்ற தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். (கடலூர் முதுநகர்)

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. டைபாய்டுக்குப் பிறகு என் கன்னம் ஒட்டியபோது, ஆறு தடவைக்கான பாக்கேஜுக்கு முழுப் பணத்தையும் கட்டி, பில் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு வீடு திரும்பினேன். இரண்டு தடவைக்குப் பிறகு அந்த இடம் பூட்டிக் கிடந்தது. ஆகவே உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

முதலில் உடம்பு. கோரிமேட்டில் ஜிப்மரின் தோல் பிரிவிலோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலோ காட்டுங்கள். காய்ச்சலோ சிவப்போ இருந்தால் இன்றே. அடுத்து, சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கிளினிக்கிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. சிகிச்சை புதுச்சேரியில் நடந்திருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில் தராததே நியாயமற்ற வணிக முறை என்று அதே சட்டம் சொல்கிறது. கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால், அந்தப் பதிவே பணம் கட்டியதற்குச் சான்று. அந்தக் கையெழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். குறைபாடான சேவைக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. தொடங்க வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

இனி, எல்லோருக்கும் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சலிக்காத ஒன்று. பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஃபில்லர் பெட்டிக்குள் பெரும்பாலும் தயாரிப்பின் பெயரும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும்; அதில் ஒன்று நோயாளியின் கைக்கு வர வேண்டியது. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். மிக்சி வாங்கினால் வாரண்டி அட்டையில் முத்திரை குத்தச் சொல்லி நிற்கிற நாம், கன்னத்துக்குள் போகும் பொருளின் பெயரைக்கூடக் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறோம். பின்னால் கட்டி வந்தால், அதைக் கரைக்கலாமா, வெட்டி எடுக்க வேண்டுமா என்று அடுத்த மருத்துவர் முடிவு செய்வதற்கு அந்தச் சின்ன ஸ்டிக்கர்தான் ஆதாரம். கொடுக்க மறுக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சாலை விபத்தில் தம்பியின் கன்னம் குழிந்துவிட்டது. கொழுப்பு நிரப்பக் கேட்கும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்திருக்கிறார்கள். காப்பீடும் கிடைக்காதாம். சரியா? (வில்லியனூர்)

பதில்: இரண்டும் சரியில்லை. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குத்தான் ஜிஎஸ்டி. விபத்தால் சிதைந்த உறுப்பைச் சீரமைக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டிலும் அழகுச் சிகிச்சைக்கான விலக்கு விதி, விபத்துக்குப் பின்னான சீரமைப்புக்குப் பொருந்தாது. சிகிச்சைக்கான காரணம் விபத்து என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, விபத்துப் பதிவேட்டின் நகலையும் இணைத்து, அறுவைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள்.