ஒளி உணரி வயரிங்கில் ஒளிந்திருக்கும் எர்த்: கேள்வி-பதில்

கேள்வி: ஃபோட்டோடையோடு (ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உணரி) ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். இது எர்த் லூப்தானா?

எர்த் லூப் என்றால், ஒரே சுற்று இரண்டு இடத்தில் எர்த்தைத் தொட்டு உண்டாகும் மூடிய வளையம். முதலில் உணரியின் முகத்தை ஒளி புகாமல் கறுப்பு டேப்பால் மூடுங்கள். உலோக மூடி வேண்டாம், அதுவே எங்காவது தொட்டுப் புதிய எர்த் ஆகிவிடும். மூடியதும் இரைச்சல் மறைந்தால் அது அறை விளக்கு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கொளி நொடிக்கு 100 முறை துடிக்கும். மூடிய பிறகும் 100 மட்டும் நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 50-உம் அதன் மடங்குகளும் ஓங்கி நின்றால்தான் எர்த் லூப்பைத் தேட வேண்டும். அப்போதும் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஒரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். மீட்டரில் மாற்றமே இல்லை. எங்கே தவறு?

கழற்றிக்கொண்டே போனதுதான் தவறு. சிக்னல் கிரவுண்டுக்கும் (சிக்னலின் பொதுக் கம்பி) சேசிஸுக்கும் (கருவியின் உலோகச் சட்டம்) இடையே வேண்டாத தொடர்பு இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றை எடுத்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், அளவு 0.1 ஓமிலிருந்து 0.2 ஓம் ஆகும், கண்ணில் படாது. தலைகீழாகச் செய்யுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துங்கள். உயர் மின்னழுத்தம் இருந்தால் கெப்பாசிட்டர்கள் முழுக்க இறங்கியதை அளந்து உறுதி செய்யுங்கள். எந்த ஒரு இடத்தில் சிக்னல் கிரவுண்டும் சேசிஸும் சேர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்களோ, அந்த இணைப்பையும் பிரித்துவிடுங்கள். எல்லா கேபிளும் கழன்ற நிலையில், உணரித் தலையின் சிக்னல் கிரவுண்டுக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் இடையே அளவெடுங்கள். 20 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். பிறகு ஒரு கேபிள், ஓர் அளவு. அடுத்த கேபிள், அடுத்த அளவு. எதை மாட்டியதும் எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதைச் சரிசெய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

பஸ்ஸரை நம்பாதீர்கள். பெரும்பாலான மல்டிமீட்டர்களில் சில பத்து ஓமுக்குக் கீழேதான் அது ஒலிக்கும். 300 ஓம் தொடர்பு சத்தமில்லாமல் தப்பிவிடும். ஓம் ரேஞ்சில் வைத்து, ப்ரோப்களை மாற்றிப் பிடித்தும் அளக்கவும். இரு திசையில் இரு எண் வந்தால் நடுவில் டையோடு போன்ற குறைகடத்தி இருக்கலாம். எண் மெல்ல ஏறினால் கெப்பாசிட்டர். ப்ரோப் முனையில் விரல் படக்கூடாது. பெட்டியின் மூடியைத் திருகி மூடிய பின் ஒருமுறை அளக்க மறக்க வேண்டாம்: மூடி வயரை நசுக்கும் இடங்கள் திறந்திருக்கும்போது அகப்படாது.

கேள்வி: நீண்ட கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றிய உலோக உறை) நடுவில் எங்கோ சேசிஸைத் தொடுகிறது. முழுவதையும் உரிக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அழகாகவே முடியும். உணரியையும் ஆம்ப்ளிஃபயரையும் பிரித்துவிட்டு, பெஞ்ச் சப்ளையை 1 ஆம்பியர் கரண்ட் லிமிட்டில் வைத்து, கேபிளின் ஒரு முனை ஷீல்டுக்கும் சேசிஸுக்கும் இணையுங்கள். கரண்ட் ஷீல்டு வழியாகப் பழுது வரை போய், அங்கே சேசிஸில் இறங்கித் திரும்பும். பழுதுக்கு அப்பால் கரண்டே இல்லை. ஆகவே ஷீல்டின் இரு முனைகளுக்கு இடையே நீங்கள் அளக்கும் வோல்டேஜ், பழுது வரையிலான நீளத்துக்கு மட்டுமே உரியது. தொடும் இடத்தின் ரெசிஸ்டன்ஸ் கணக்கில் சேராது. அதே ரக கேபிளின் ஒரு மீட்டர் துண்டில் 1 ஆம்பியர் செலுத்தி முன்பே அளந்து வையுங்கள். அது 10 மில்லிவோல்ட், பழுதான கேபிளில் 23 மில்லிவோல்ட் என்றால் இடம் 2.3 மீட்டரில். மறு முனையிலிருந்தும் செய்து பாருங்கள்: இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகை கேபிளின் நீளத்தைவிடக் குறைந்தால் தொடும் இடம் ஒன்றல்ல.

கேள்வி: அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியப் பிடிப்பானில்தான் உலோக உறை ஃபோட்டோடையோடு இருக்கிறது. அது காப்புதானே?

மேற்பரப்பில் காப்புதான். திருகு மரையில் கீறல் விழுந்ததும் போயிற்று. பல டையோடுகளில் உறையே ஒரு காலுடன் இணைந்திருக்கும். டேட்டா ஷீட்டில் பாருங்கள். பிளாஸ்டிக் குழல் வளையமும் நைலான் திருகும் போடுங்கள்.

கேள்வி: பிளக்கின் எர்த் பின்னை எடுத்தால் இரைச்சல் நின்றுவிடுகிறது. அப்படியே விடலாமா?

கூடவே கூடாது. உள்ளே லைவ் வயர் உலோகப் பெட்டியைத் தொட்டால் பியூஸைப் போக்க வேண்டிய வழி அது. இல்லையேல் அந்த வேலையை உங்கள் கை செய்யும். பாதுகாப்பு எர்த்தை விட்டுவிட்டு, லூப்பை சிக்னல் பக்கம் உடைக்கவும். ஆசிலாஸ்கோப்பின் பிஎன்சி (கேபிள் செருகும் வட்ட இணைப்பி) உறை பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும், எனவே டிஃபரன்ஷியல் உள்ளீடு (இரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் எடுப்பது) கொண்ட ஆம்ப்ளிஃபயர் வழியாக அதற்குக் கொடுங்கள். கணினியின் யுஎஸ்பி வழியாக எர்த் வந்தால் யுஎஸ்பி ஐசொலேட்டர் (நேரடி மின் தொடர்பில்லாமல் தகவலைக் கடத்தும் சாதனம்) போடுங்கள்.

கேள்வி: லூப்பில் வருவது சில மைக்ரோவோல்ட்தானே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் லூப்பில் 0.1 மைக்ரோடெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஏறத்தாழ 31 மைக்ரோவோல்ட் தூண்டும். அது முழுதும் உணரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே விழுந்தால், 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உள்ள உணரி வழியாக 1 பிக்கோஆம்பியர் ஓடும். ஆம்ப்ளிஃபயரில் 1 கிகாஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் இருந்தால் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட். மங்கலான ஒளியில் சிக்னலே அவ்வளவுதான் இருக்கும்.

கேள்வி: வெற்றிடப் பம்பை இணைத்தால் மட்டும் இரைச்சல் வருகிறது.

பம்பின் உலோகக் குழாய்தான் எர்த்தைக் கொண்டுவருகிறது. கேஎஃப் இணைப்பில் (வெற்றிடக் குழாய்களைக் கிளாம்பால் சேர்க்கும் வகை) பிளாஸ்டிக் மைய வளையம், பிளாஸ்டிக் கிளாம்ப் இரண்டையும் போடுங்கள். ஒன்று மட்டும் போதாது. அதன் பிறகு சேம்பருக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் வயர் கட்டாயம். குளிரூட்டும் சேம்பராக இருந்தால் குளிர்ந்த நிலையிலும் அளந்து பாருங்கள், சுருங்கும்போது வயர் இழுபட்டுச் சுவரைத் தொடக்கூடும்.