அழுகிறவளைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது 36. குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் 11 வருஷமாகக் களப்பணி. கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. போன வாரம் ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட தன் மகனைப் பற்றிச் சொல்லி என் எதிரே அழுதுகொண்டிருந்தார். நான் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். "ஊர்ப் பிள்ளைங்ககிட்டல்லாம் பொறுமையா பேசுற, என்கிட்ட மட்டும் கத்துற" என்கிறாள் மகள். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? வேலையை விட்டுவிடவா?

பதில்: கல்நெஞ்சக்காரி எவளும் பல்லியைப் பார்த்துவிட்டதற்காக ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் கடிதம் எழுத மாட்டாள். அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள்.

வேலைச் சுமையில் மனசு எரிந்து தீர்ந்துபோவதை பர்ன்அவுட் என்கிறார்களே, அதை முதன்முதலில் விவரித்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். 1974இல் எழுதினார், அதுவும் நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் தொண்டு செய்தவர்களையும் தன்னையும் பார்த்து. அதாவது உங்களைப் போன்ற ஆட்களைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லே பரவியது. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் ஆய்வாளர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதரிடமிருந்து விலகிப்போவது, நான் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். உங்கள் பல்லி இரண்டாவது வகை. மனசு தாங்க முடியாமல் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரிசெய்யாமல் விட்ட நீண்டநாள் அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியது. ஆகவே மருந்தையும் முதலில் வேலையிடத்தில்தான் தேடணும்.

நானும் புளியந்தோப்பில் நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஒரு நாள் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எத்தனை நாளா இப்படி இருக்கு, வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டுக்கொண்டே என் கை தானாகப் பேனாவைத் தேடியது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: எல்லா வீட்டிலும் இருப்பது உங்கள் சொந்த நம்பர். ராத்திரி பத்தரைக்கு "யக்கா, இவரு மறுபடியும் குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு" என்று போன் வருகிறது, நீங்கள் மகனைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். எனக்கு மற்றதெல்லாம் அப்புறம், இதுதான் முதல். அலுவலகத்திடம் தனி சிம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கி, சாயங்காலம் ஏழு மணிக்கு அணைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு உதவி எண் 1098, பெண்களுக்கு 181, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதிவிட்டு வாருங்கள். உங்கள் குரல் அங்கே கேட்காது, உண்மைதான். ஆனால் போலீசையும் மற்ற துறைகளையும் அந்த நேரத்தில் எட்டக்கூடிய வழி அதுதான், உங்களால் படுக்கையிலிருந்து அழுகையைக் கேட்க மட்டும்தான் முடியும்.

அடுத்து, கையில் எத்தனை கேஸ் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்துபோனவையும் பாசத்தில் மூடாமல் கிடக்கும், பாருங்கள். அந்தத் தாளோடு போய் மேலாளரிடம் பேசுங்கள். சூப்பர்விஷன், அதாவது மேலே இருப்பவர் உட்கார்ந்து நம் வேலையையும் மனசையும் கேட்பது, என்று படிப்பில் சொல்லிக்கொடுத்தது நம் ஆபீஸ்களில் "ரிப்போர்ட் எங்கே, போட்டோ எடுத்தீங்களா" என்று சுருங்கிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம், உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர் முறைத்தால், உங்களோடு வேலை செய்கிற இரண்டு பேரோடு டீக்கடைக்குப் போய்ப் பேசுங்கள், பிள்ளைகளின் பேரும் ஏரியாவும் மட்டும் வெளியே வராமல்.

வீட்டுக்கு வருகிறேன். காலை நாலரைக்கு எழுந்து அடிபம்பில் பத்துப் பன்னிரண்டு குடம் பிடிக்கிறீர்கள். கணவர் நல்லவர், "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பாராம். அந்தச் சொல்லுகிற வேலை யாருடையது? நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்கட்டும், மற்ற வாரங்களில் தண்ணீரும் பள்ளிக்கூடமும் முழுசாக அவர் பொறுப்பு, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் உட்பட. முதல் வாரம் ரிப்பன் கோணலாகப் போகும். போகட்டும், நீங்கள் ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக மாடி ஏறாமல் கீழேயே பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். மகளிடம் "நான் கத்தினது தப்பு, கோபம் உன் மேல இல்ல" என்று சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும். பியூட்டி பார்லர் போய்வா, மனசு லேசாகும் என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, போகப் பிடித்தால் போங்கள்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி ஆளை உருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாம் இல்லாமல் போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தால்கூட அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடுவதை இந்த மாதம் முடிவு செய்ய வேண்டாம். இருக்கிற லீவில் ஒரு வாரம் எடுங்கள், பிறகு மூன்று மாதம் பாருங்கள். போனும் கேஸ் கணக்கும் அப்படியே இருந்தால் தயங்காமல் வேறு இடம் தேடுங்கள். இந்தத் துறையில் 11 வருஷ அனுபவம் சும்மா போகாது.

அந்த அம்மாவை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். பையன் 14 வயதுக்குள் என்றால் வருஷத்தின் நடுவிலும் பள்ளியில் சேர்க்கலாம், உங்களுக்குத் தெரியாததா. காலையில் முதல் ஆளாக வரட்டும், நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு.