டுபாய்க்கு எந்த மாதம் போகலாம்? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகள் வளைகுடாவில் வேலை செய்யும் குடும்பங்கள் திருகோணமலையில் ஏராளம். "வந்து ஒருக்கால் பார்த்துவிட்டுப் போங்கோ" என்று அங்கிருந்து அழைப்பு வந்ததும், எந்த மாதம் போவது என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்களில் டுபாய் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மகன் ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி நிற்கிறான். திருகோணமலை வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு டுபாய் வெயில் ஒரு பெரிய காரியமா? எனக்கு வயது 63. பிரஷர் குளிசை எடுக்கிறேன்.
– வாசகி, உவர்மலை

அம்மா, ஓகஸ்ட் வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறோம்.

எங்கள் ஊர் வெயிலும் அந்த ஊர் வெயிலும் ஒரே சாதி அல்ல. ஆனி, ஆடியில் இங்கே அடிப்பது கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. 35 பாகை வெயிலிலும் மர நிழலில் நின்றால் வியர்வை காயும். கொடியில் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். எங்களைக் காப்பாற்றுவது அந்த வறட்சிதான்.

டுபாயில் ஓகஸ்டில் பகல் உச்சம் சராசரியாக 41, 42 பாகை. அதைவிடப் பொல்லாதது இரவு. விடியப்புறத்திலும் 30 பாகையை ஒட்டியே நிற்கும். பாலைவனம் என்றால் இரவில் குளிரும் என்று நினைப்போம். கரையோர நகரத்தில் கோடையில் அது நடக்காது. காரணம் கடல். திருகோணமலைத் துறைமுகத்தை அதன் ஆழத்துக்காகவே உலகம் அறியும். பாரசீக வளைகுடாவோ சராசரியாக 35 மீற்றர் ஆழம்தான். ஆழமில்லாத நீர் கோடையில் 33 பாகை வரை சூடேறிவிடும். அந்தக் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று ஆவியைச் சுமந்து வருகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர் இரவு ஒன்பது மணிக்கு ஏசி போட்ட கட்டடத்தின் கதவைத் திறந்து வெளியே காலை வைத்தால், இரண்டு வில்லையும் வெள்ளையாகப் படர்ந்து ஒன்றும் தெரியாமல் போகும். அந்தக் காற்றில் வியர்வை வழியுமே தவிரக் காயாது.

பிரஷர் குளிசைகளில் உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றும் வகையும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று கிளினிக்கில் கேளுங்கள். அப்படியானால் வெக்கையில் தலைச்சுற்று, மயக்கம் வரலாம். எந்த மாதம் போனாலும் புறப்படுமுன் வைத்தியரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

எங்கள் யோசனை இதுதான்: ஓகஸ்டில் மகனை இங்கே வரச்சொல்லுங்கள். அங்கேயும் அது பள்ளி விடுமுறைக் காலம். இங்கே நிலாவெளி, உப்புவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் அங்கே போவதைக் குளிர்காலத்துக்கோ சித்திரை விடுமுறைக்கோ தள்ளுங்கள்.

அப்படியென்றால் எந்த மாதம்தான் நல்லது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

காலநிலை ஒன்றை மட்டும் பார்த்தால், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. நவம்பரில் பகல் உச்சம் சராசரியாக 31, இரவு 20 பாகை. ஜனவரியில் 24, 14. மார்ச்சில் 28, 18. ஏப்ரலில் 33, 21 என்று ஏறத் தொடங்கி, மே மாதம் 38ஐத் தொடுகிறது. அதன்பின் செப்டெம்பர் முடிய வெளியே திரிய முடியாது. செப்டெம்பரில் பகல் சூடு கொஞ்சம் குறைகிறதே என்று ஏமாறவேண்டாம். கடல் அப்போதும் சூடாகவே இருப்பதால் புழுக்கம் குறையாது. ஒக்டோபர் பிற்பாதியில்தான் மாலை நேரம் மனிதருக்கு ஏற்றதாகிறது.

மாதத்தைத் தெரிவுசெய்யும்போது பகல் உச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரவுச் சூட்டையும் பனிபடுநிலையையும் பாருங்கள். போனில் உள்ள காலநிலைச் செயலியில் 'டியூ பொயின்ற்' என்று காட்டுவது அதுதான். காற்றில் உண்மையிலேயே எவ்வளவு ஆவி இருக்கிறது என்பதை அது சொல்லும். ஈரப்பதன் சதவீதம் காலையில் ஒன்று, மதியம் இன்னொன்று என்று மாறிக் குழப்பும். இது அந்தளவு மாறாது. திருகோணமலையில் அனேகமான நாள்களில் 23 தொடக்கம் 25 வரை நிற்கும். டுபாயில் குளிர்காலத்தில் 15ஐச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்கும். உடம்பு இலேசாக இருப்பதை உடனே உணர்வீர்கள். ஓகஸ்ட், செப்டெம்பர் இரவுகளில் 28, 30 வரை போகும் நாள்களும் உண்டு.

காசையும் பார்க்க வேண்டும் அல்லவா? டிசம்பர் பிற்பாதியில் நத்தார், புதுவருடம், டுபாய் ஷொப்பிங் விழா எல்லாம் சேர்ந்துகொள்வதால் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் உச்ச விலையில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பம் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு போகலாம். பிள்ளைகள் இருந்தால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைதான் எங்கள் தெரிவு. மதியம் சுடும்; ஆனால் காலையும் மாலையும் அருமை. குளோபல் வில்லேஜ், மிரக்கிள் கார்டன் போன்ற திறந்தவெளி இடங்கள் கோடையில் மூடப்படுபவை. அவை வழக்கமாக ஏப்ரலில் திறந்திருக்கும். முடியும் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் டிக்கெட் போடுமுன் அதைப் பாருங்கள்.

இன்னொன்று: பிள்ளைகள் கடலில் இறங்க ஆசைப்பட்டால் பெப்ரவரியில் அங்குள்ள நீர் 21, 22 பாகைதான். எங்கள் கடலில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது குளிர்ந்து விறைக்கும். கடற்குளிப்புக்கு நவம்பர் அல்லது ஏப்ரல் சரி.

பாலைவனத்தில் மழையே பெய்யாது என்றுதானே படித்தோம். 2024இல் விமான நிலையமே வெள்ளத்தில் மூழ்கியது எப்படி? செயற்கை மழையால் வந்த வினை என்கிறார்களே?
– வாசகர், தம்பலகாமம்

பெய்யும். ஆண்டு முழுவதும் சேர்த்துச் சராசரியாக 100 மில்லிமீற்றர் அளவில். பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை சில நாள்களில் அது பெய்து முடிந்துவிடும். மாரியில் எங்கள் வயலில் ஒரே நாளில் பெய்யக்கூடிய மழை அது.

2024 ஏப்ரல் 16இல் நடந்தது வழமைக்கு மாறானது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 254 மில்லிமீற்றர் பெய்தது. 1949இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அங்கே பதிவான மிகப் பெரிய மழை அதுதான். மேகத்தில் உப்புத் தூவி மழையைக் கூட்டும் வேலை அந்த நாட்டில் நெடுங்காலமாக நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அன்று தூவவில்லை என்று அங்குள்ள வானிலை மையம் அறிவித்தது. தூவியிருந்தாலும் அது ஏற்கெனவே உள்ள மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கறக்கும் வேலைதான். அந்தளவு பெரிய மழைத்தொகுதியை உண்டாக்க முடியாது. பல நாள் முன்பே எதிர்வுகூறப்பட்ட தொகுதி அது. நீர் வடிய வாய்க்கால் போதாத நகரம் என்பதால் சேதம் பெருகியது. குளமும் வாய்க்காலும் கொண்ட ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சித்திரை விடுமுறைக் காலத்தில்தான் அது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. திரும்பி வரும் நாளுக்கும் பள்ளி தொடங்கும் நாளுக்கும் இடையில் இரண்டு நாள் விடுங்கள்.

நோன்பு மாதத்தில் போவது சரியா? நாங்கள் நோன்பு பிடிப்பவர்கள். கூட வரும் அயலவர்கள் இந்துக்கள்.
– வாசகி, மூதூர்

தாராளமாகப் போகலாம். இப்போது நோன்பு குளிர்காலத்தில் வருவதால் பகல் குறுகியது, தாகமும் குறைவு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, 2027இல் பெப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். பிறை பார்த்தே முடிவாகும். உணவகங்கள் பல பகலிலும் திறந்திருக்கும் என்பதால் அயலவர்களுக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் இல்லை. தெருவில் நடந்தபடி தின்னாமலும் குடிக்காமலும் இருப்பது மரியாதை. பார்க்கும் இடங்கள் பலவற்றின் நேரம் மாறும். இப்தாருக்கு முந்திய ஒரு மணித்தியாலம் வீதி நெரிசல் கடுமை. அந்த நேரத்தில் டாக்ஸியை நம்பி எந்த வேலையும் வைக்காதீர்கள்.

எனக்கு லீவு கிடைப்பதே ஓகஸ்டில்தான். மனைவி அங்கே வேலை செய்கிறார். போகாமல் இருக்க முடியாது. எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், நிலாவெளி

போங்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு நாளையும் வேறு விதமாக ஓட்டவேண்டும். நடக்க விரும்பினால் சூரியன் ஏறுமுன், காலை ஏழரைக்குள் முடியுங்கள். பதினொரு மணியிலிருந்து ஐந்து வரை கட்டடத்துக்குள் இருங்கள். வெளியிடத் தொழிலாளருக்கே ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் அந்த நேரத்தில் வெளியே நிற்க எந்தக் காரணமும் இல்லை.

வெளியே நிற்கும்போது தாகம் வரும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். அதிகம் வியர்த்த நாளில் வெறும் தண்ணீர் போதாது. இங்கிருந்தே ஜீவனி பைக்கற்றுகள் கொண்டுபோங்கள்; பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும். நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் குடிக்கலாம். தலையிடி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்குப் போங்கள். பேச்சுக் குழறி, உடம்பு கொதித்தால் அது உயிராபத்து: 998க்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள்.

வீட்டுக்குள்ளே ஒரு விஷயம். கோடையில் கூரைத் தாங்கியில் உள்ள தண்ணீர் கொதித்து, குளிர்நீர்க் குழாயிலேயே சுடுநீர் வரும். அங்கே இருப்பவர்கள் சூடாக்கியை நிறுத்தி வைத்து, சுடுநீர்க் குழாயைத் திறந்து குளிப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் சிறிய தாங்கியில் தேங்கிய தண்ணீர் ஏசிக் குளிரில் ஆறியிருக்கும். முதல் நாள் குழந்தையைக் குளிப்பாட்டுமுன் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடமும் குழந்தையை விடக்கூடாது, இன்சுலினையும் வைக்கக்கூடாது.

மருந்து பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். கோடீன், ட்ரமடோல் கலந்த வலி, இருமல் மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வைத்தியரின் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

பாலைவனச் சவாரிக்கு எந்த நேரம் நல்லது? எனக்குக் கொஞ்சம் முட்டு வருத்தம் இருக்கிறது.
– வாசகி, செல்வநாயகபுரம்

டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை பிற்பகல் சவாரி. சூரியன் ஐந்தரை, ஆறு மணிக்கே இறங்கிவிடுவதால் இரண்டரை, மூன்று மணிக்கு ஏற்றிக்கொள்வார்கள். மணலில் புதையாமலிருக்கச் சக்கரக் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி ஓடுவார்கள். குதிப்பும் சரிவும் வயிற்றைக் கலக்கும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரரும் அதில் ஏறக்கூடாது. முகாமுக்கு நேரே போகும் வண்டியைக் கேட்டால் ஒழுங்குபடுத்துவார்கள்.

முட்டுக்காரர் பயப்பட வேண்டியது தூசுக்கு. வடமேற்கிலிருந்து வீசும் 'ஷமால்' காற்று குளிர்காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மணலைக் கிளப்பும். ஷமால் எச்சரிக்கை உள்ள நாளில் பதிவை வேறு நாளுக்கு மாற்றுங்கள். இன்ஹேலரைக் கைப்பையிலே வையுங்கள், வண்டியில் விட்டுவிட்டு இறங்கவேண்டாம்.

ஜனவரியில் சுவெட்டர் தேவையா?
– வாசகர், லிங்கநகர்

தேவை. நகரத்தில் ஒரு மெல்லிய சுவெட்டர் போதும். பாலைவன முகாமில் இரவு 10 பாகைக்குக் கீழும் போகும் என்பதால் தடித்த ஜக்கெட்டும் காலுறையும் வேண்டும். கோடையில் போகிறவர்களும் மோல் ஏசிக்காக ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

டிசம்பரில் குச்சவெளியிலிருந்து புறப்படுகிறோம். விமானம் இரவு. அன்று காலையில் வெளிக்கிட்டால் போதுமா?
– வாசகர், குச்சவெளி

போதாது. டுபாயின் நல்ல காலமும் எங்கள் மாரியும் ஒன்றாக வருவதுதான் இதிலுள்ள சிக்கல். புரெவி புயல் 2020 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் கரையிலேயே ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வீதிகளும் ரயில் பாதைகளும் முடங்கின. நல்ல நாளில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஆறு, ஏழு மணித்தியாலம் எடுக்கும். வெள்ளம் வீதியை மறித்தால் அந்தக் கணக்கு ஒன்றும் நிற்காது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, விமானத்துக்கு முதல் நாளே நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ போய்த் தங்குங்கள். கடவுச்சீட்டையும் விசாத் தாளையும் பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வையுங்கள். வான் வண்டியின் கூரையில் கட்டும் பெட்டியில் வேண்டாம்.

அங்கே இறங்கும் நேரத்தையும் பாருங்கள். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை விடியப்புறத்தில் பனிமூட்டம் இறங்கும் நாள்களில் விமானங்கள் பிந்தும். மாலையில் இறங்கும் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். டுபாய் நேரம் எங்களுடையதைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். கூட்டிப்போக வருபவருக்கு எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.