எலும்பு தேய்ந்த தோளில் மாற்று மூட்டு நிற்குமா?

“அம்மிச்சிக்கு 71 வயசு. நாலு வருசம் முன்னாடி கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து தோள் நொறுங்கியதில் பந்தை மட்டும் மாற்றினார்கள். இப்போது கிண்ணத்து எலும்பு தேய்ந்துவிட்டது, ரிவர்ஸ் மூட்டு போட்டு எலும்பும் வைக்க வேண்டும் என்கிறார்கள். நிற்குமா? எந்தக் கம்பெனி வாங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமுங்க. மிச்சமிருக்கும் சொந்த எலும்பை உலோகம் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிடி இல்லாவிட்டால் எத்தனை லட்சத்துக்கு வாங்கியதும் ஆடிப்போகும்.

“நிற்குமா” என்பதே இரண்டு கேள்வி. உலோகம் எலும்போடு ஒட்டி நிற்குமா என்பது ஒன்று. பந்து குழியை விட்டு நழுவாமல் நிற்குமா என்பது இன்னொன்று. எலும்பு குறைந்தால் இரண்டுமே கெடும், கெடுகிற வழி வேறு வேறு.

தோள் கிண்ணம் இடுப்புக் கிண்ணம் போல ஆழமில்லை. கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரிதான் பந்து அதில் உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநார்கள்தான் அதை அழுத்திப் பிடிக்கின்றன. தோள் நொறுங்கியவர்களுக்கு அந்தத் தசைநார்கள் ஒட்டியிருக்கும் எலும்புப் புடைப்புகள் சரியாகக் கூடாமல் போவதுண்டு. அப்போது உலோகப் பந்து மேலே ஏறிக் கிண்ணத்தின் மேல் பாதியை உரசித் தின்னும். உங்கள் அம்மிச்சிக்கும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். முதலில் ஆபரேஷன் செய்தவர் தப்பு பண்ணிவிட்டார் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வயதானவர்களின் மெத்தென்ற எலும்பில் நல்ல கைகாரர் செய்தாலும் புடைப்பு கூடாமல் போகும்.

ரிவர்ஸ் மூட்டில் பந்து தோள்பட்டைப் பக்கமும் குழி மேல்கைப் பக்கமும் போகும். இதன் இப்போதைய வடிவத்துக்கு அடிப்படை 1985-இல் பிரான்ஸின் பால் கிராமோன் கொண்டுவந்தது. கஃப் போனாலும் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும். அதனால் டெல்டாய்டும் அதற்குப் போகும் ஆக்சிலரி நரம்பும் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இனி பிடிப்பு. பந்தைத் தாங்குவது பேஸ்பிளேட் என்ற சிறு தட்டு. அதன் பின்பக்கம் நடுவில் ஒரு முளையோ பெரிய ஸ்க்ரூவோ இருக்கும், சுற்றிலும் பூட்டு ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூக்கள் தற்காலிகக் காவல்தான். தட்டின் சொரசொரப்பான முதுகில் எலும்பு வளர்ந்து கோத்துக்கொண்டால்தான் நிரந்தரம். அந்த முதல் மாதங்களில் தட்டு 150 மைக்ரானுக்கு மேல், அதாவது 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் எலும்பு வளராது, நார்த்திசுதான் வளரும். பிறகு ஸ்க்ரூ ஒவ்வொன்றாக ஒடியும்.

அதனால் தட்டின் முதுகில் குறைந்தது பாதியாவது சொந்த எலும்பில் படிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாதி போதாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. வைத்த எலும்பைத் தாண்டி முளையின் நுனி சொந்த எலும்புக்குள் சுமார் 1 சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். தோள்பட்டையில் ஸ்க்ரூ நன்றாகக் கடிக்கும் இடங்கள் மூன்று: முன்பக்கம் கொக்கி போல நீளும் கோரக்காய்டின் அடி, தோள்பட்டை எலும்பின் பின்பக்க மேட்டின் அடி, கீழே வெளிப்பக்கத் தூண். கிண்ணம் கரைந்துபோனாலும் இவை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

அம்மிச்சிக்குத் தேய்ந்தது மேல்பக்கம் என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தேய்ந்த சரிவை அப்படியே நம்பித் தட்டை வைத்தால் அது மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். சாய்ந்த தட்டில் கை தூக்கும்போதெல்லாம் விசை அழுத்தாமல் வழுக்கும், முளை பிடுங்கிக்கொள்ளும். தட்டு நேராகவோ சற்றே கீழ்நோக்கியோ, கிண்ணத்தின் கீழ் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். இதையெல்லாம் எக்ஸ்ரேயை வைத்துத் திட்டமிட முடியாது. உள்ளே உலோகம் இருக்கிற நிலையில் நிழலைக் குறைக்கும் முறையில், 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக, தோள்பட்டை முழுவதும் தெரிகிற மாதிரி சி.டி. எடுத்து 3டி படம் போட்டாக வேண்டும்.

பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? முதல் தடவை மூட்டு மாற்றுகிறவர்களுக்கு வெட்டியெடுக்கும் சொந்தப் பந்தே அருமையான எலும்பு. அம்மிச்சிக்கு அது நாலு வருசம் முன்பே போய்விட்டது. மிச்சம் இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பது, பிறர் தானம் செய்த எலும்பை எலும்பு வங்கியிலிருந்து வாங்குவது, அல்லது ஆப்பு வடிவில் தடித்த உலோகத் தட்டு. இடுப்பு எலும்பு உயிருள்ளது, நன்றாகக் கூடும், எடுத்த இடம் கொஞ்ச நாள் வலிக்கும். வங்கி எலும்பு கரைய வாய்ப்பு அதிகம். உலோக ஆப்பு கரையாது. ஆனால் ஒருவேளை கழன்றால் அடுத்த தடவைக்கு எலும்பைச் சேர்த்து வைத்திருக்காது. 71 வயதில் சிறு பள்ளத்துக்கு உலோகம், பெரிய குழிக்கு இடுப்பு எலும்பு என்பது என் சாய்வு. முளைக்குப் பிடியே கிடைக்காத அளவு குழி என்றால், முதலில் எலும்பை மட்டும் வைத்து மூடி, அது கூடிய பிறகு சில மாதம் கழித்துத் தட்டு போடுவதும் உண்டு. அப்படிச் சொன்னால் காசுக்காக இழுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நழுவுவது வேறு கதை. கிண்ணம் உள்வாங்கினால் பந்தும் உள்ளே போய் டெல்டாய்டு தொளதொளத்துவிடும். மேல்கையின் மேல்முனை குறைந்திருந்தாலும் அதேதான். பெக்டொராலிஸ் என்ற பெரிய மார்புத் தசை மேல்கையில் ஒட்டும் இடத்தின் மேல்விளிம்பிலிருந்து பந்தின் உச்சிக்குச் சராசரி 5.6 சென்டிமீட்டர். பழைய அடையாளமெல்லாம் அழிந்த தோளில் உயரத்தை அளக்க அதுதான் நூல். மேல்கையில் 5 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு போயிருந்தால், மேல்கை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டு (ஸ்டெம்) உள்ளே முறுகிக் கழலாமல் இருக்க, வங்கி எலும்பைச் சேர்த்துக் கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கத்தி வைக்கும் முன் கிருமி இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். தோளில் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி மெதுவாக வளர்வது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாக இருந்தும் அது இருக்கலாம். ஐந்து இடத்திலாவது திசு எடுத்து 14 நாள் கல்ச்சரில் வைக்க வேண்டும். ஐந்தாம் நாளே ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் ஏற்காதீர்கள்.

கம்பெனிக்கு வருகிறேன். இப்போது உள்ளே இருக்கும் ஸ்டெம் எந்த வகை என்று தெரிந்தால், அதைப் பிடுங்காமல் தலையை மட்டும் மாற்றி ரிவர்ஸ் ஆக்க முடியுமா என்று பார்க்கலாம். பிடுங்கும்போதுதான் மெல்லிய மேல்கை எலும்பு பிளக்கும். ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று எங்கிருந்து வரும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ‘தோள் மாற்று அறுவை செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தோடும் அளவும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் வருகிறது. அதைச் சீட்டில் ஒட்டி நோயாளியிடம் கொடுக்க என்ன செலவாகும்? விலையும் இப்படித்தான். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்தது, அந்த ஆணையில் தோள் இல்லை. காட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டுகிறவர்களுக்கு எதற்கு எவ்வளவு என்ற விவரம்கூடக் கிடைப்பதில்லை. பழைய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் குறிப்பை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் தொட்டில் பட்டை. மூன்று மாதத்துக்குக் கயித்துக்கட்டிலில் கையை ஊன்றி எழக் கூடாது, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ரிவர்ஸ் மூட்டு நழுவுவது அந்த நிலையில்தான். படுக்கும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, முழங்கை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். மாட்டுக் கயிற்றை அந்தக் கையில் பிடிக்கவே வேண்டாம், எப்போதைக்குமே. கன்றுக்குட்டி ஒரு வெட்டு வெட்டினால் போதும். பஸ் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து ஏறுவதற்கும் மறு கைதான்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருசம், பிறகு வருசா வருசம் எக்ஸ்ரே. ஒவ்வொன்றையும் முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டின் சாய்வு மாறியிருந்தால், ஸ்க்ரூ ஒடிந்திருந்தால், தட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு அகலமானால், வலி இல்லாவிட்டாலும் உடனே சி.டி. எடுக்க வேண்டும்.